கடலோர ரிப்பீட்டருக்குக் காற்றுச் சுமை குறைந்த ஆன்டெனா: எதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது?

டெல்டா145 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாகப்பட்டினத்தில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டை மாடியில் 2 மீட்டர் அலைநீள ஹாம் ரேடியோ ரிப்பீட்டர் (சின்ன ரேடியோவின் பேச்சை வாங்கி, அப்போதே பலமாகத் திருப்பி அனுப்பும் நிலையம்) வைக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். மாடி சுமார் 15 மீட்டர் உயரம். அதன்மேல் 9 மீட்டர் முக்கோண டவர் ஒன்று ஏற்கெனவே நிற்கிறது, பக்கத்துக்கு ஓர் அடி அகலம், இரண்டு மட்டத்தில் ஸ்டே கம்பி (சாயாமல் இழுத்துப் பிடிக்கிற கம்பி) கட்டியது. முன்பு இன்டர்நெட் லிங்க்குக்காக வைத்தார்களாம். கடல் கிழக்கே நடந்துபோகிற தூரம்தான்.

அனுமதி வேலை தனியாக நடக்கிறது, அதை இந்த இழையில் பேச வேண்டாம். என் கேள்வி ஆன்டெனா மட்டும். ஒருவர் டைமண்ட் கம்பெனியின் எக்ஸ்510 குச்சி ஆன்டெனா வாங்கு, 5.2 மீட்டர், கெயின் (சிக்னலைக் குவித்துப் பலமாக்கும் திறன்) அள்ளும் என்கிறார். இன்னொருவர் எக்ஸ்50 போதும், 1.7 மீட்டர், காற்றுக்கு ஒன்றும் ஆகாது என்கிறார். மூன்றாமவர் நான்கு அடுக்கு போல்டட் டைபோல் (மடித்த வளைய ஆன்டெனா) என்கிறார்.

எங்கள் ஊருக்கு இது வெறும் பொழுதுபோக்கு இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது கரண்ட் போச்சு, செல்போன் போச்சு. உள்ளே இருக்கிற ஊர்களில் யார் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்க வழியில்லை. அப்படி ஒரு நாளில் வேலை செய்யாத ரிப்பீட்டர் எனக்கு வேண்டாம். அதை மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

மலைமுகடு எழுதியது:

வாழ்த்துகள் தம்பி. என் வாக்கு கெயினுக்குத்தான், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ரிப்பீட்டர் 25 வாட் விடும். எதிரில் இருப்பவர் கையில் 5 வாட் ஹேண்டி (கையடக்க ரேடியோ). அந்த ஐந்து மடங்கு வித்தியாசமே 7 டிபி (டெசிபல்). ரிப்பீட்டர் பேசுவது எல்லோருக்கும் கேட்கும், ஹேண்டி பேசுவது ரிப்பீட்டருக்குக் கேட்காது. எந்த ரிப்பீட்டரிலும் இதுதான் தொல்லை. வாங்கும் பக்கத்தில் கெயின் இருந்தால்தான் இதைச் சரிக்கட்ட முடியும். எக்ஸ்510 2 மீட்டரில் 8.3 டிபிஐ (எல்லாப் பக்கமும் சமமாக வீசும் கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்ட டிபி), எக்ஸ்50 4.5 டிபிஐ. கிட்டத்தட்ட 4 டிபியை எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும்?

அப்புறம் உயரம். டவர் உச்சியில் 3 மீட்டர் பைப் வைத்து அதன் மேல் ஏற்றிவிடு. டெல்டா சட்டிபோலத் தட்டையான பூமி, உயரம்தான் எல்லாம்.

கம்பிவேலை எழுதியது:

நான் கட்டடக் கணக்குப் போடுகிறவன், ரேடியோ எனக்கு இரண்டாவது. அதனால் இரும்புப் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

முதலில் உயரம். ரேடியோ தொடுவானத்துக்கு, அதாவது பூமியின் வளைவு மறைக்கும்வரை சிக்னல் போகிற தூரத்துக்கு, எல்லோரும் போடும் கணக்கு: உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். 24 மீட்டருக்கு 20 கி.மீ. கையில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஹேண்டி, அதற்கு ஒரு 5. ஆக 25 கி.மீ. இப்போது 3 மீட்டர் பைப், அதன் மேல் 5.2 மீட்டர் ஆன்டெனா வைக்கிறோம். ஆன்டெனாவின் நடு சுமார் 29.6 மீட்டருக்குப் போகிறது. மறுபடி கணக்குப் போட்டால் இருபத்தேழரை கி.மீ. இத்தனை பாட்டுக்கும் கிடைப்பது இரண்டரை கிலோமீட்டர்.

இனி அதற்கு என்ன விலை என்று பார்ப்போம். நொடிக்கு 50 மீட்டர் காற்று, அதாவது மணிக்கு 180 கி.மீ. அழுத்தம் 0.6 பெருக்கல் வேகத்தின் வர்க்கம், சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன். உருண்டைக் குழாய்க்கு 1.2 என்ற இழுவைக் கெழு. எக்ஸ்510-இன் சராசரிக் கனம் 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். பரப்பு 0.156 சதுர மீட்டர். காற்று தள்ளும் விசை சுமார் 280 நியூட்டன், நம் பேச்சில் 28 கிலோ. இதுவே 1.7 மீட்டர் ஆன்டெனாவுக்கு 9 கிலோ சொச்சம்.

"28 கிலோதானே" என்றுதான் எல்லோரும் நிறுத்திக்கொள்கிறார்கள். காற்றுச் சுமை என்று விளம்பரத் தாளில் போடுவதும் இந்த விசையையோ பரப்பையோதான். ஆனால் பைப்பை முறிப்பது விசை அல்ல, அந்த விசை எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதும் சேர்ந்த திருப்புவிசை. ஒரே கனமுள்ள குச்சி மூன்று மடங்கு நீளமானால் விசை மூன்று மடங்கு, அடியில் திருப்புவிசை ஒன்பது மடங்கு. எக்ஸ்510-இன் அடியில் 730 நியூட்டன் மீட்டர், எக்ஸ்50-இன் அடியில் 78. இதை நீங்களே தாளில் போட்டுப் பாருங்கள்.

மலைமுகடு அய்யா சொன்ன 3 மீட்டர் பைப்பைச் சேர்ப்போம். பைப்பும் காற்றுப் பிடிக்கும். டவர் உச்சியில், பைப் வெளியே வருகிற இடத்தில், எக்ஸ்510-க்கு மொத்தம் 1,900 நியூட்டன் மீட்டருக்கு மேல். ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப், சி கிளாஸ், 4 மி.மீ. கனம், வளையத் தொடங்குவது 1,300-க்கும் 1,400-க்கும் நடுவில். பி கிளாஸ் என்றால் இன்னும் குறைவு. ஆக அந்தக் காற்றில் பைப் மடங்கும். எக்ஸ்50 வைத்தால் அதே பைப்பில் 750-க்குள் அடங்கிவிடுகிறது.

கஜாவில் தென்னை தோப்புத் தோப்பாகச் சாய்ந்தது, பக்கத்து வரப்பில் பனை நின்றது. தலையில் எவ்வளவு காற்றுப் பிடிக்கிறது என்பதும் அதில் ஒரு காரணம். அதைக் கண்ணால் பார்த்த ஊர்க்காரர் நீங்கள்.

மலைமுகடு எழுதியது:

கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தயாரிப்பாளரே எக்ஸ்510-க்கு நொடிக்கு 40 மீட்டர் வரை தாங்கும் என்று கொடுத்திருக்கிறார். மணிக்கு 144 கி.மீ. புயல் செய்தியில் அந்த எண் அடிக்கடி வருவதில்லையே? நூறு, நூற்றிருபது என்றுதானே சொல்கிறார்கள்.

கம்பிவேலை எழுதியது:

இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இங்கேதான் தவறவிடுகிறார்கள். வானிலைத் துறை புயலுக்குச் சொல்லும் வேகம் 3 நிமிடச் சராசரி. இரும்பு உடைவது சராசரியில் அல்ல, நடுவில் வருகிற வீச்சில். அதனால்தான் நம் காற்று விதிநூல் ஐ.எஸ். 875 பகுதி 3, 3 நொடி வீச்சை வைத்து அடிப்படை வேகம் கொடுக்கிறது. சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர், மதுரைக்கு 39. கிழக்குக் கடற்கரையை ஒட்டி எது வந்தாலும் நான் 50 வைத்துத்தான் போடுவேன்.

அதோடு நிற்காது. 2015 பதிப்பில், கிழக்குக் கடற்கரையை ஒட்டிய 60 கி.மீ. பட்டையில் புயலுக்குப் பிறகு கட்டாயம் நிற்க வேண்டிய அமைப்புகளுக்கு வேகத்தை 1.3-ஆல் பெருக்கச் சொல்கிறார்கள். மருத்துவமனை, புயல் பாதுகாப்புக் கூடம், தகவல் தொடர்புக் கோபுரம் எல்லாம் அதில் அடக்கம். தம்பி கேட்பது அதே வகைதானே. 24 மீட்டர் உயரத்துக்கு இன்னொரு 1.1 என்று வையுங்கள். 50 என்பது 71 ஆகிறது. அழுத்தம் வேகத்தின் வர்க்கம் என்பதால் நான் மேலே போட்ட எல்லா எண்ணும் இரண்டு மடங்கு. அந்தக் கணக்கில் எக்ஸ்50 வைத்த 3 மீட்டர் பைப்பே விளிம்பைத் தாண்டிவிடுகிறது. டவருக்கு மேலே பைப்பை நீட்டவே நீட்டாதீர்கள் என்பதுதான் என் முடிவு.

இன்னொன்று, புயல் வருஷத்துக்கு ஒருநாள். கடற்காற்று தினமும். உருண்டைக் குழாயைக் காற்று தாண்டிப்போகும்போது பின்னால் சுழல் சுழலாகப் பிரியும். 3 செ.மீ. குழாயில் நொடிக்கு 5 மீட்டர் என்ற சாதாரணச் சாயங்காலக் காற்றுக்கு நொடிக்கு 33 தடவை. நீளக் குச்சி ஓயாமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கிற சாலிடர் இணைப்பு, மூட்டுத் திருகு எல்லாம் அதில்தான் களைத்துப்போகும். வெளியே பார்த்தால் ஆன்டெனா நேராக நிற்கும்.

கேவிட்டி எழுதியது:

கடைசிப் பத்தியை நான் பிடித்துக்கொள்கிறேன். களைத்துப்போன மூட்டு சாதாரண ஸ்டேஷனில் தெரியவே தெரியாது. ரிப்பீட்டரில் தெரியும். ஏனென்றால் நாம் ஒரே ஆன்டெனாவில், ஒரே நேரத்தில், 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி அனுப்பிக்கொண்டும் வாங்கிக்கொண்டும் இருக்கிறோம். 25 வாட் போகிற பாதையில் ஒரு தளர்ந்த தொடுப்பு இருந்தால் அது தீப்பொறிபோல அகலமான இரைச்சலை உண்டாக்கும். அது நேரே நம் ரிசீவரின் வாயில் விழும். டூப்ளெக்சரால் (அனுப்புவதையும் வாங்குவதையும் பிரிக்கிற வடிகட்டி) அதைத் தடுக்க முடியாது, வாங்கும் அலைவரிசையிலேயே வருகிற இரைச்சலை அதிலுள்ள எந்தக் கேவிட்டி (உலோகக் குடுவை) வடிகட்டும்?

எங்கள் பக்கத்து ரிப்பீட்டர் ஒன்றில் இதைக் கேட்டிருக்கிறேன். தூரத்து ஹேண்டி ஒன்று தெளிவாகத் திறக்கும், இரண்டு வார்த்தை பேசும், காற்று ஒரு தடவை வீசியதும் "கரகர" என்று அடித்து அறுந்துபோகும். காற்று நின்றால் மறுபடி வரும். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் (ஆன்டெனாவிலிருந்து சக்தி திரும்பி வருகிறதா என்று காட்டுவது, 1 என்றால் ஒன்றும் திரும்பவில்லை) 1.3, ஊசி அசையாது. பைபர் குழாய்க்குள் இருந்த மூட்டுதான் காரணம். மூன்று துண்டாக வந்து மாடியில் நாமே முடுக்கிச் சேர்க்கிற எந்த ஆன்டெனாவிலும் இந்த அபாயம் கூடுதல். எக்ஸ்510 அப்படித்தான் வருகிறது. வீட்டு ரேடியோ அறையில் உட்கார்ந்து பேச நல்ல ஆன்டெனா, அதைக் குறை சொல்லவில்லை. ஒரே நேரத்தில் அனுப்பி வாங்குகிற டூப்ளெக்ஸ் வேலைக்கு, இரண்டு அலைவரிசைப் பட்டைக்கும் பொதுவான இப்படிப்பட்ட இரட்டை பேண்ட் குச்சியை நான் வைக்க மாட்டேன்.

என் யோசனை வேறு. இரண்டு போல்டட் டைபோல், டவரின் உச்சியில் அல்ல, பக்கவாட்டில். மேற்குப் பார்த்து.

ஏன் மேற்கு? உங்கள் கிழக்கில் கடல். சுற்றிலும் சமமாக வீசுகிற ஆன்டெனாவை வைத்தால் பாதிச் சக்தி வங்காள விரிகுடாவுக்குப் போகிறது, அங்கே ஹேண்டி வைத்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை. டவரின் காலிலிருந்து அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்கு, 145 மெகாஹெர்ட்ஸுக்கு 52 செ.மீ., தள்ளி ஒரு போல்டட் டைபோலை நிமிர்த்தி வைத்தால் டவர் பின்னாலிருந்து தள்ளிக்கொடுக்கும். வெறும் டைபோல் 2.15 டிபிஐ, முன்பக்கம் இன்னும் 3 டிபி அளவுக்கு ஏறும். ஒன்றரை மீட்டர் கீழே அதேபோல இன்னொன்று வைத்து இரண்டையும் சேர்த்து ஊட்டினால் இன்னொரு 3-க்குக் கிட்ட. ஆக நிலப்பக்கம் 8 டிபிஐ. மலைமுகடு ஓஎம் (ஹாம்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் சொல்) கேட்ட கெயின் அப்படியே வந்துவிட்டது. காற்றில் நீட்டிக்கொண்டு நிற்பது ஒன்றுமில்லை.

போல்டட் டைபோல் முழுக்க ஒரே உலோக வளையம். பூமில் (டவரிலிருந்து நீட்டிப் பிடிக்கிற குழாய்) சேரும் நடுப்புள்ளி டவரோடு ஒட்டியிருப்பதால் டி.சி.க்கு மண்ணோடு இணைந்தே இருக்கும். இடிமேகம் கடக்கும்போது சேர்கிற நிலைமின்னூட்டம் ரிசீவருக்கு வராமல் இறங்கிவிடும்.

கம்பிவேலை எழுதியது:

இதன் காற்றுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 12 மி.மீ. அலுமினியக் குழாயில் ஒரு மீட்டர் வளையம், 25 மி.மீ. பூம் 60 செ.மீ. ஒவ்வொன்றும் 0.04 சதுர மீட்டருக்குள். 50 மீட்டர் காற்றில் தலா 7 கிலோ. இரண்டும் டவரின் உடம்பிலேயே, மேல் ஸ்டே கம்பி இழுத்துப் பிடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் உட்காருகின்றன. உச்சிக்கு மேல் நெம்புகோலே இல்லை. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

நான்கு அடுக்கு வேண்டாமா என்று தம்பி கேட்பார். வணிக வகை நான்கு அடுக்கு டைபோல் 21 அடி நீளம் வரும், தனி மாஸ்ட் கேட்கும். 9 மீட்டர் டவரில் அதைக் கட்டினால் கீழ் இரண்டு டைபோலும் மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். 3 டிபிக்காக அது தேவையில்லை.

டெல்டா145 எழுதியது:

நன்றி, இப்படி யாரும் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டவில்லை. ஒரு சந்தேகம். எங்களுக்கு மேற்கே திருவாரூர் மட்டும் இல்லை. வடக்கே கடற்கரையை ஒட்டியே காரைக்கால், தெற்கே வேளாங்கண்ணி, இன்னும் கீழே வேதாரண்யம். புயலில் அடிவாங்குவது இந்தக் கரையோர ஊர்கள்தான். மேற்கே திருப்பிவிட்டால் இவர்கள் விட்டுப்போய்விட மாட்டார்களா?

கேவிட்டி எழுதியது:

நல்ல கேள்வி, இதை நானே சொல்லியிருக்க வேண்டிய இடம். டவருக்கு முன்னால் டைபோல் வைத்தால் கிடைக்கும் வடிவம் குறுகிய கதிர் அல்ல, அரைவட்டத்தைத் தாண்டிய அகலம். நேர் வடக்கிலும் நேர் தெற்கிலும் முன்பக்கத்தைவிடச் சில டிபி குறையும், ஆனால் இறந்துபோகாது.

இன்னும் சமன் வேண்டுமென்றால் இரண்டு டைபோலையும் ஒரே திசையில் வைக்காமல், மேலதை வடமேற்குக் காலில், கீழதைத் தென்மேற்குக் காலில் வையுங்கள். முக்கோண டவர் என்பதால் கால் எந்தத் திசையில் இருக்கிறது என்று முதலில் திசைகாட்டி வைத்துப் பார்க்க வேண்டும். நேர் மேற்கில் ஓரிரண்டு டிபி விட்டுக்கொடுப்போம், கரையோரம் இரண்டு பக்கமும் அது போய்ச் சேரும். மேற்கே திருவாரூர் 25 கி.மீ.க்குள்தான், அங்கே கொஞ்சம் குறைந்தாலும் தாங்கும். வேதாரண்யம் 45 கி.மீ., அங்கே ஹேண்டியை எந்த ஆன்டெனாவும் இந்த உயரத்திலிருந்து எடுக்காது. அங்கே வீட்டு மாடியில் ஒரு ஆன்டெனாவும் 25 வாட் மொபைல் செட்டும் இருந்தால் பேசலாம். அதை இப்போதே அங்கிருக்கிற நண்பர்களிடம் சொல்லி ஏற்பாடு செய்யுங்கள், ரிப்பீட்டர் ஆன்டெனாவை இன்னும் நீட்டி அதைத் தீர்க்க நினைக்காதீர்கள்.

பாக்குநீரிணை எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம். கடல் பக்கம் ஒருவரும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நாங்கள் இருக்கிறோம்! பருத்தித்துறையிலிருந்து உங்கடை நாகப்பட்டினம் நேர்கோட்டில் நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. கடலுக்கு மேலே காற்றுப் படைகள் படிந்து நிற்கிற நாட்களில் தமிழ்நாட்டு 2 மீற்றர் சிக்னல்கள் இங்கை பக்கத்து வீட்டில் பேசுவது மாதிரிக் கேட்கும். கேட்பதே எங்களுக்குப் பெரிய சந்தோசம். 2008 நிஷா புயல் எங்களையும் நனைத்துவிட்டுத்தான் காரைக்கால் பக்கம் போனது. ஒரே கடல், ஒரே காற்று.

உங்கள் தீர்மானத்தை மாற்றச் சொல்லவில்லை, கரையூருக்குத்தான் முதலிடம். ஆனால் உப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேணும். இங்கை கடற்கரையில் 304 துருப்பிடிக்காத ஆணி என்று வாங்கிப் போட்டது, கொஞ்ச நாளிலேயே தேத்தண்ணி நிறத்தில் கறை ஒழுகியது. 316 தரம் கேட்டு வாங்குங்கோ. காந்தத்தால் வித்தியாசம் கண்டுபிடிக்கேலாது, கடைக்காரர் அப்படிச் சொன்னால் நம்பாதேங்கோ. தலையில் ஏ4 என்று குத்தியிருக்கும், அதைப் பாருங்கோ.

கேவிட்டி எழுதியது:

வணக்கம் ஓஎம். பின்பக்கம் முழுச் சூனியம் ஆகாது, பத்து டிபி அளவு குறையும், அவ்வளவுதான். நீங்கள் சொன்ன காற்றுப் படைகள் கடலுக்கு மேலே குழாய்போலச் சிக்னலைக் கடத்துகிற நாளில் 10 டிபி ஒரு பொருட்டே இல்லை. நீங்கள் நிச்சயம் கேட்பீர்கள்.

டவர்ஏறி எழுதியது:

இத்தனை நாள் படித்துக்கொண்டிருந்தேன், இனி என் வேலை. டவர் ஏறுகிறவன் கண்ணில் படுகிற விஷயங்கள்.

தம்பி, ஆன்டெனா வாங்குவதற்கு முன்னால் டவரின் அடியைப் பார். உச்சியை அல்ல. கடலோர மொட்டை மாடி டவரில் முதலில் அழுகுவது கால் தட்டோடு சேருகிற கணுக்கால். மழைத்தண்ணீர் அங்கேதான் தங்கும். பெயிண்ட் உப்பியிருந்தால் ஸ்குரு டிரைவர் முனையால் ஓங்கிக் குத்து. உள்ளே போனால் அந்த டவரில் யாரும் ஏற வேண்டாம். தட்டு எதில் போல்ட் ஆகியிருக்கிறது என்றும் பார். தூணின் தலையில் இருந்தால் நல்லது. வெறும் தளத்தில் ஓட்டை போட்டு ஆங்கர் அடித்திருந்தால் தளத்தின் மேல் பதித்த ஓடும் சுருக்கிக் காரையும்தான் ஆங்கரைப் பிடித்துக்கொண்டிருக்கும், கான்கிரீட்டில் இரண்டு அங்குலம்கூட இறங்கியிருக்காது. ஸ்டே கம்பி கைப்பிடிச் சுவரில் கட்டியிருந்தால் அவிழ்த்துத் தூணுக்கு மாற்று. செங்கல் சுவர் இழுவைக்குக் கட்டியதல்ல.

ஸ்டே கம்பி வெறும் கட்டுக்கம்பியாக இருந்தால் தூக்கிப் போடு. முறுக்குக் கம்பி, கால்வனைஸ் செய்தது, ஒவ்வொரு முனையிலும் மூன்று கிளிப். கிளிப்பில் யூ வளைவு செத்த முனைப்பக்கம் (சுமை வராத வெட்டு முனை), தட்டு இழுவை முனைப்பக்கம் வர வேண்டும். மாற்றிப் போட்டால் இழுவைக் கம்பியையே நசுக்கிவிடும். டர்ன்பக்கிள் போட்டால் அதன் நடுவில் ஒரு கம்பியை நுழைத்துக் கட்டு, இல்லையென்றால் காற்றின் நடுக்கத்தில் தானாகவே கழன்று தளரும். டைபோலுக்குப் பக்கத்தில் போகிற ஸ்டே கம்பியில் மின்கம்பத்தில் போடுகிற பீங்கான் முட்டை இன்சுலேட்டர் வைத்து அரை மீட்டர் துண்டாகப் பிரித்துவிடு. கரண்ட் ஆபீஸ் சாமான் விற்கிற கடையில் கிடைக்கும்.

பூமுக்கு ஒற்றை யூ போல்ட் போதாது. இரண்டு போடு, ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு. ஒற்றை போல்ட் என்றால் முதல் காற்றிலேயே டைபோல் காலைச் சுற்றித் திரும்பிவிடும், வடமேற்குப் பார்த்தது வடகிழக்குப் பார்க்கும். துருப்பிடிக்காத போல்ட்டில் அதே உலோக நட்டை வறட்டுத்தனமாக முடுக்கினால் மரை கவ்விக்கொண்டு நடுவிலேயே நின்றுவிடும், அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மரையில் கிரீஸ் தடவி, மெதுவாக முடுக்கு. அலுமினியமும் செம்பும் நேராகத் தொடுகிற இடம் ஒன்றுகூட இருக்கக் கூடாது, இந்த உப்புக் காற்றில் அலுமினியம் வெள்ளைத் தூளாகிவிடும்.

டைபோலில் கேபிள் சேருகிற ஊட்டுப் பெட்டிக்கு அடியில் சின்ன ஓட்டை இருக்கும். தண்ணீர் வெளியே போவதற்கு. அதை டேப் போட்டு மூடிவிடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். இரவில் உள்ளே வியர்க்கும், அந்தத் தண்ணீர் போக வழியில்லாமல் கேபிளுக்குள் இறங்கும். கனெக்டருக்கு மட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் கறுப்பு டேப், கீழிருந்து மேலே சுற்று. ஓடு வேய்வது போல ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும்.

கேவிட்டி எழுதியது:

கேபிள் பற்றியும் முடித்துவிடுகிறேன். ரிப்பீட்டர் கீழ் அறையில் என்றால் 30 மீட்டர் ஓடும் என்று நினைக்கிறேன். ஆர்.ஜி.213 போட்டால் இந்த அலைவரிசையில் இரண்டரை டிபி போய்விடும். எல்.எம்.ஆர்.400-இல் ஒன்றரை. அரை அங்குல ஹீலியாக்ஸில் (நெளிந்த செம்புக் குழாய் உறை உள்ள கேபிள்) ஒரு டிபிக்கும் குறைவு. டைபோலைச் சேர்த்துச் சம்பாதித்த கெயினைக் கேபிளில் கரைக்காதீர்கள். எல்.எம்.ஆர். வகையில் அலுமினியத் தாளும் செம்பு வலையும் ஒன்றையொன்று உரசும், டூப்ளெக்ஸில் இரைச்சல் தரும் என்பது ரிப்பீட்டர் வைத்தவர்கள் பலர் கண்டது. அதனால் அரை அங்குலம்தான் என் பரிந்துரை. கட்டுமானத் தளங்களில் செல்போன் டவர் வேலை செய்கிறவர்களிடம் மிச்சத் துண்டு கிடைக்கும், 125 மி.மீ. ஆரத்துக்குக் குறைவாக வளைத்த மடிப்பு இருக்கிறதா என்று முழு நீளத்துக்கும் கையால் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டு டைபோலையும் சேர்க்க 75 ஓம் ஆர்.ஜி.11 கேபிள், திட பாலித்தீன் உள்ளது. கால் அலைநீளம், 0.66 வேகக் காரணியோடு (கேபிளுக்குள் அலை மெதுவாகப் போவதால் வரும் குறைப்பு), 341 மி.மீ. அவ்வளவு சின்னது டைபோல்வரை எட்டாது, அதனால் அதைப்போல ஐந்து மடங்கு, 1.7 மீட்டர், இரண்டு பக்கமும் சமம். ஒவ்வொன்றும் 50 ஓமை 112 ஆக மாற்றும், இரண்டும் இணையும் இடத்தில் 56. எஸ்.டபிள்யூ.ஆர். 1.12. வேறு எதுவும் தேவையில்லை.

கம்பிவேலை எழுதியது:

அந்தக் கேபிளும் காற்றுப் பிடிக்கும் என்பதை மறக்க வேண்டாம். 16 மி.மீ. கனம், டவரில் 9 மீட்டர். பரப்பு 0.144 சதுர மீட்டர். நாம் வேண்டாம் என்று விட்ட எக்ஸ்510-இன் பரப்புக்கு இது கிட்டத்தட்டச் சமம். வெளியே தொங்கவிட்டால் அந்தச் சுமை முழுதும் வரும். டவரின் உள்பக்கம் ஒரு காலோடு ஒட்டி இறக்குங்கள், அரை மீட்டருக்கு ஒரு கட்டு. வெள்ளை பிளாஸ்டிக் டை நம் வெயிலில் பொடிந்துவிடும். கறுப்பு, வெயில் தாங்கும் வகை, அல்லது எஃகுப் பட்டை.

மலைமுகடு எழுதியது:

மலைமேல் 1,500 மீட்டரில் வைப்பதும் 24 மீட்டர் மாடியில் வைப்பதும் ஒன்றல்ல என்பதை ஏற்கிறேன். தம்பியின் இடத்துக்கு கேவிட்டி சொன்ன அமைப்பே சரி, என் வாக்கையும் அதற்கே மாற்றிக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்ப்பேன். எக்ஸ்50 ஒன்றை வாங்கி, பெட்டியோடு கீழ் அறையில் வைத்துக்கொள். பெரிய புயல் வந்து டைபோல் ஒன்று போனாலும், அரை மணியில் டவரின் பாதி உயரத்தில் கட்டிக் காற்றில் வந்துவிடலாம். 1.7 மீட்டர், ஒரு கிலோவுக்கும் குறைவு, ஒரே ஆள் போதும்.

டெல்டா145 எழுதியது:

அதையும் எழுதிக்கொண்டேன் சார். முடிவு இதுதான்: இரண்டு போல்டட் டைபோல், வடமேற்கிலும் தென்மேற்கிலும், உச்சிக்கு மேல் எதுவும் இல்லை, அரை அங்குலக் கேபிள், கையிருப்பாக எக்ஸ்50. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பருக்குள் ஏற்றிவிட வேண்டும். இன்று போய்க் கணுக்காலைக் குத்திப் பார்த்தேன். இரண்டு கால் கெட்டியாக இருக்கிறது, கிழக்குக் காலில் ஸ்குரு டிரைவர் கால் அங்குலம் உள்ளே போனது.

டவர்ஏறி எழுதியது:

அப்படியென்றால் ஆன்டெனாவை ஒதுக்கிவை. முதல் துண்டை இறக்கிக் கால் தட்டோடு புதிதாகச் செய்ய வேண்டும், வெல்டிங் எல்லாம் முடித்து, அப்புறம் கால்வனைஸிங் குளியலுக்கு அனுப்பு. முதலில் கால்வனைஸ் செய்து பிறகு வெல்டிங் வைத்தால் அந்த இடம்தான் மறுபடி அழுகும். குளியலுக்குப் போகிற குழாயில் மேலும் கீழும் காற்று ஓட்டை கட்டாயம், மூடிய குழாய் உருகிய துத்தநாகத்தில் வெடிக்கும். கால் குழாயின் வெளிவிட்டம், தட்டில் போல்ட் ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்குத் தூரம், இரண்டையும் வெர்னியரில் அளந்து இங்கே போடு. அந்த அளவுக்கு யூ போல்ட்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். 73 (ஹாம் வழக்கில் வாழ்த்துகள்).